வலது காதில் வெந்நீர்

போன வாரம் ஒரு பெண் என் காதில் வெந்நீர் ஊற்றினார். நானே தேடிப் போய் ஊற்றிக்கொண்டேன்.

எல்லாம் ஸ்கூட்டர் சாவிக்காக. லஸ் சிக்னலில் நின்ற இடத்திலேயே தலை சுற்றி, வண்டியோடு பக்கத்து ஷேர் ஆட்டோ மேல் சாய்ந்துவிட்டேன். அன்றிலிருந்து சாவி என் மனைவி கோமதியின் ஹேண்ட்பேகில். உள்காதில் கோளாறு, பேலன்ஸ் எவ்வளவு மிச்சம் என்று டெஸ்ட் செய்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். டெஸ்ட் நன்றாக வந்தால் சாவி என் கைக்கு வரும். இது எனக்கும் கோமதிக்கும் ஒப்பந்தம்.

எனக்கா பேலன்ஸ் இல்லை? காலேஜ் நாளிலிருந்து மந்தைவெளியில் வண்டி ஓட்டுகிறவன் நான்...

ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரியில் டெஸ்ட். கோமதியும் கூட வந்தாள். டெக்னீஷியன் பெண் என்னைப் படுக்க வைத்து, கறுப்பு மூடி போட்ட கண்ணாடியை மாட்டினார். உள்ளே குட்டி கேமரா. காதில் வெந்நீர் போனால் தலை சுற்றும், கருவிழி ஆடும். அந்த ஆட்டத்தை வைத்துக் காதின் யோக்கியதையைச் சொல்லிவிடுவார்களாம்.

"பேசிட்டே இருக்கணும் சார். சும்மா இருந்தா மூளை சுத்தலை அடக்கிடும், ரீடிங் வராது. வீட்லேர்ந்து இங்க எப்படி வந்தீங்க? ரோடு ரோடா சொல்லுங்க."

தண்ணீர் போனது. கட்டில் கிளம்பிவிட்டது.

"மந்தைவெளி... செயின்ட் மேரீஸ் ரோடு... அப்புறம் லெஃப்ட்..."

"லெஃப்ட் எங்க? மெட்ரோவுக்குத் தோண்டி அடைச்சிருக்காங்களே" - இது கோமதி.

"நேத்து திறந்துட்டாங்க மேடம். ஒன்வே" - இது டெக்னீஷியன்.

"எந்தப் பக்கம்?"

"காலைல போற பக்கம், சாயங்காலம் வர்ற பக்கம்" என்றது வாசலிலிருந்து ஓர் ஆண் குரல். அடுத்த பேஷன்ட்டாம்.

இது எனக்குத் தெரியாத செய்தி. தண்ணீர் போகாத காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"சார், ஏன் பேச்சை நிறுத்தினீங்க? கண்ணு நின்னுடுச்சு. போச்சு, மறுபடி ஊத்தணும்."

இரண்டாவது முறை ரோடு வேண்டாம் என்று முடிவானது. "பொண்ணுங்க பேரா சொல்லுங்க சார்" என்றார் டெக்னீஷியன். கோமதி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"கோமதி... கோமதி... கோமதி..."

சுற்றல் நிற்கும்வரை வேறு பெயர் வாயில் வரவில்லை.

ரிசல்ட்? வலது காதில் பேலன்ஸ் குறைவு. பயிற்சிகள் செய்ய வேண்டும். டாக்டர் சொல்லும்வரை வண்டியைத் தொடக்கூடாது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. இனி ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கவும் யாராவது என்னைக் கூட்டிப் போக வேண்டுமா?

ஆட்டோவில் திரும்பினோம். ஒரு தடுப்பு, ஒரு யு டர்ன், இன்னொரு தடுப்பு... சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து நின்றது. டிரைவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது, காலைல தொறந்து கெடந்துச்சு, இப்போ மூடி வெச்சுகீறாங்க. எனக்கே தல சுத்துது."

அவர் சாவியை மட்டும் யாரும் பிடுங்குவதில்லை என்று கோமதியிடம் சொன்னேன்.

ஹேண்ட்பேக் ஜிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.