நோன்பு மாதத்தில் கொழுத்த கோழிகள்

அறுபதுகளில் ஒரு நோன்பு மாதம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகும் வீதியோரம் எங்கள் வீடு. எனக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. என் கணவர் அரசாங்கப் பண்ணையிலிருந்து ஆறு சிவப்புப் பேடுகளும் ஒரு சேவலும் வாங்கித் தந்திருந்தார். நல்ல சாதி. முட்டைகளை அடைவைத்துக் குஞ்சு பொரிக்க வைத்து, பெரிய கோழிக்காரியாகிவிடுவது என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் காலையும் மாலையும் அளந்துதான் போடுவேன். அந்த விஷயத்தில் நான் ஆளே வேறு, யார் சொன்னாலும் ஒரு பிடி கூட்டமாட்டேன்.

நோன்பு பாதி கழிந்ததும் முட்டை குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. கோழிகளோ உருண்டு திரண்டு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அசைந்து நடந்தன. ஒரு நாள் காலையில் பார்த்தால், இருந்ததிலேயே அழகான பேடு கூட்டுக்குள் செத்துக் கிடக்கிறது. முதல் நாள் மாலைவரை நன்றாக இருந்த கோழி! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மற்றக் கோழிகளுக்கும் நோய் பரவிவிடும் என்று மாமியாருக்குப் பயம் பிடித்துவிட்டது. “இது தொத்து வருத்தம் மகள். தானாச் செத்தா ஒன்னுத்துக்கும் ஆகாது. உசிரோட ஈக்கக்குள்ளயே எல்லாத்தயும் அறுத்திருவோம். பெருநாளைக்கி ஆகும்” என்றார்.

என் கனவெல்லாம் பிரியாணிச் சட்டிக்குள் போகப் போகிறது! ஒரே ஒரு நாள் பொறுங்கள் என்று கெஞ்சி, என் கணவரை அனுப்பி மிருக வைத்தியரை வரவழைத்தேன்.

வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். பலா மரத்தடியில் வைத்துச் செத்த கோழியை அறுத்தார். வயிறு நிறைய மஞ்சள் கொழுப்பு. ஈரல் வீங்கி, வெளிறி, விரல் பட்டதும் உதிர்ந்தது. சுற்றிலும் இரத்தம் உறைந்திருந்தது.

“தொத்து வருத்தமில்லைப் பிள்ளை. தீனி கூடி ஈரலெல்லாம் கொழுப்பு. அது வெடிச்சுத்தான் செத்திருக்கு. கொழுத்த கோழி முட்டையும் இடாது. என்ன குடுக்கிறனீங்கள்?”

அளந்து போடுவதைச் சொன்னேன். அவர் என்னை நம்பாத பார்வை பார்த்தார். எனக்குக் கோபமான கோபம்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுச் சாச்சியின் முக்காடு தெரிந்தது. எங்களை அவர் கவனிக்கவில்லை. முந்திய மாலைப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியில் மிஞ்சியதை, தேங்காய்ப்பால் மணக்க மணக்க, கோழிகளுக்கு முன்னால் ஊற்றிவிட்டுப் போனார். அவர் போய் மூச்சு விடுவதற்குள் மாமனார் சாரத்து மடியில் சோளத்தோடு வந்தார். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அதற்குள் குசினிக் கதவு திறந்தது. விடியுமுன் சாப்பிட்டு மிஞ்சிய ஸஹர் சோறும் தேங்காய்ப்பூவும் பிசைந்த பீங்கானோடு வந்தவர் வேறு யாருமில்லை, எல்லாவற்றையும் அறுக்கச் சொன்ன அதே மாமியார்!

வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் மட்டும் அசையவில்லை. “சாப்பாட்ட வீசினா பாவமில்லயா டாக்டர்? நாங்க நோம்பு புடிக்கிறதுக்கு, வாயில்லா ஜீவன் பசியோட ஈக்கிறதா?”

“அதுகள் உங்களாலதான் சாகுதுகள் அம்மா” என்றார் வைத்தியர் மெதுவாக. மாமியார் தன் கையிலிருந்த பீங்கானைப் பார்த்தார். அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோனார்.

தீனியைக் குறைத்து, கீரை போட்டு, வெளியே கிளறித் திரிய விடச் சொன்னார் வைத்தியர். மாமனார் வேலியோரம் நின்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கக் கத்தினார்: “இன்னைலருந்து எங்கட கோழியும் நோம்பு!”

பெருநாளுக்கு மாட்டிறைச்சிதான். கொஞ்ச நாளில் கோழிகள் இளைத்து, கொக்கரித்து, முட்டையிட ஆரம்பித்தன. முதல் குஞ்சுகள் பொரித்தபோது மாமியார் என்னிடம் வந்து, “ஒரு பிடி போடட்டா மகள்?” என்று அனுமதி கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இன்றைக்கும் விருந்துக்கு வந்தவர் போதும் என்று கையை மறித்தால், வற்புறுத்தாமல் அகப்பையைத் திருப்பிவிடுவேன். கஞ்சப்பிசினாரி என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும், பாசத்தாலேயே செத்துப்போன ஒரு கோழியை அவர்கள் பார்த்ததில்லை.