சித்தியின் குடவோலைப் பாடம்

போன மாதம் காஞ்சிபுரத்தில் என் சித்திக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். சித்திக்கு எண்பது வயது. மண்டபம் கொள்ளாத கூட்டம், முக்கால்வாசிப் பேர் வாத்தியார்கள். தலை நரைத்த ஹெட்மாஸ்டர்களெல்லாம் வரிசையில் நின்று காலில் விழுந்தார்கள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தது, மாவட்டம் மாவட்டமாகப் போய் வாத்தியார்களுக்கே பாடம் எடுத்தது, பிள்ளைகளுக்குக் குடிமைக் கல்வியை எப்படிச் சொல்லித் தர வேண்டும் என்று புத்தகம் எழுதியது என்று ஒவ்வொருவராக மைக்கில் சொல்லச் சொல்ல, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில்தான்.

நடுவில் ஒருவர், "இந்தக் குடிமைக் கல்வி மேல உங்களுக்கு எப்பம்மா ஆர்வம் வந்தது?" என்று கேட்டார். சித்தி சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள். ஏன் மாற்றினாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருந்தால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்திருக்கும். எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. உத்திரமேரூருக்கு மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கையான சித்தி ஆசிரியப் பயிற்சியில் கடைசி வருஷம். ஒரு மாதம் ஏதாவது ஒரு பள்ளியில் பாடம் எடுத்துப் பழக வேண்டும். முடிவில் ஒரு எக்ஸாமினர் வந்து, பின்னால் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவார். சித்தி எங்கள் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தினமும் அவள் சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பேன்.

சித்திக்கு அந்த மார்க் சாதாரண மார்க் இல்லை. தென்னேரியில் தாத்தா கறாராகச் சொல்லிவிட்டார், தேறினால் வேலை, தவறினால் தை மாதம் கல்யாணம் என்று. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே ஒரு தடவை வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

எக்ஸாமினர் வருவதற்கு நாலு நாள் முன்பு, சித்தி பனையோலையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு துண்டு துண்டாக நறுக்க ஆரம்பித்தாள்.

"இன்னா டீச்சரம்மா, ஓலைய வெட்டிக்கினு கீறே? கூரை மேயப் போறியா?" என்றார் அப்பா.

"கூரை இல்ல மாமா, எலக்‌ஷன்."

"அப்பிடியா! எனக்கும் ஒரு ஓட்டு குடு. உன்னியே ஜெயிக்க வெச்சுடறேன்."

உத்திரமேரூர் கோயில் சுவர்க் கல்வெட்டு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமானதுதான். சந்தைக்குப் போனால் அங்கே உட்கார்ந்துதான் பொரி தின்போம். அந்தக் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் வேண்டுமென்றால், பேர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். அதே மாதிரி எங்கள் வகுப்புக்குச் சட்டாம்பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது என்று சித்தி முடிவு செய்தாள். எக்ஸாமினர் கண் முன்னாலேயே.

ஒண்ணாம் வகுப்பிலிருந்து மணியக்காரர் மகன் வரதன்தான் எங்களுக்குச் சட்டாம்பிள்ளை. மணி அடிப்பான், சிலேட்டை அடுக்குவான். முக்கியமாக, மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையை அவன் மட்டும்தான் தொடலாம். எங்களுக்கெல்லாம் டம்ளரில் மொண்டு கொடுப்பான். காலனியிலிருந்து வரும் நாலு பிள்ளைகள் கையைக் குவித்துக்கொண்டு நிற்பார்கள், உயரத் தூக்கி ஊற்றுவான். அந்த நாலு பேரில் அஞ்சலை என்னோடு நொண்டி ஆடுவாள். நொண்டியில் அவளை ஜெயிக்க ஊரில் ஆள் கிடையாது. ஆனால் தண்ணீருக்குக் கையைத்தான் குவிப்பாள். மழை மேலேயிருந்து பெய்கிற மாதிரி, அது அப்படித்தான் என்று இருந்தோம்.

"அந்தக் காலத்துல நிலம் இருக்கறவங்க பேரைத்தான் ஓலையில எழுதுவாங்க," என்று சித்தி வகுப்பில் சொன்னாள். "நம்ம குடத்துல எல்லார் பேரும் உண்டு."

ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லார் பேருமாம்மா?"

"எல்லார் பேரும் சார்."

"பாத்துக்கோம்மா. பேஜாராயிடப் போவுது. மார்க் போடறது நான் இல்ல, ஆனா என்னியும் ஒரு வார்த்தை கேப்பாங்க." சித்தி காதில் அது விழுந்ததோ என்னவோ, எனக்கு நன்றாக விழுந்தது.

அந்த நாளும் வந்தது. எக்ஸாமினர் பஸ்ஸில் வந்து இறங்கி, யாருடைய சைக்கிளிலோ பின்னால் உட்கார்ந்து வந்தார். வெள்ளை மீசை, மடியில் பெரிய நோட்டு. நாங்கள் முப்பது பேரும் ஆணியால் ஓலையில் அவரவர் பேரைக் கீறி, மேலே கரியைத் தேய்த்தோம். தேய்த்த கையாலேயே மூக்கைத் துடைத்து, பாதிப் பேருக்கு மீசை முளைத்துவிட்டது. அம்மாவின் பித்தளைக் குடத்தில் எல்லா ஓலையையும் போட்டுக் குலுக்கியபோது கலகலவென்று எழுந்த சத்தத்தில் வகுப்பே கூத்தாடியது. எடுக்கிற பிள்ளை யார்? வாயே திறக்காத பிள்ளை என்று சித்தி என்னைக் கூப்பிட்டாள்.

கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தேன். "சத்தமாப் படி" என்றாள்.

ஓலையில் கோணல்மாணலாக 'அஞ்சலை' என்று இருந்தது.

ஒரு விநாடிதான். அஞ்சலை பானையைத் தொடுவாள். ஹெட்மாஸ்டருக்குக் கோபம் வரும். சித்திக்கு மார்க் போய்விடும், தை மாதம் கல்யாணம். இவ்வளவும் மனசில் ஓடி முடிந்துவிட்டது. ஓலையை விரல்களுக்குள் மடக்கிக்கொண்டு, என் வாழ்நாளில் அதுவரை பேசாத சத்தத்தில், "வரதன்!" என்றேன்.

வகுப்பு கைதட்டியது. ஹெட்மாஸ்டர் முகம் மலர்ந்தது. சித்தியைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வரதன் சும்மா இருந்திருக்கலாம். "என் ஓலைய எனக்குக் குடுடீ, எங்க வூட்ல காட்டணும்!" என்று துள்ளிக் குதித்து ஓடி வந்து என் கையைப் பிரித்துப் பிடுங்கினான். பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "டீச்சர்! இது என்னிது இல்ல டீச்சர்! அஞ்சலைன்னு போட்டு கீது!"

ஓவென்று ஒரே கூச்சல். நான் குடத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். எக்ஸாமினர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சித்தி முகம் வெளுத்துப் போயிற்று. என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"தப்பு என் மேலதான். கல்வெட்டுல ஒண்ணு இருக்குது, சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்குன்னு நான் விட்டுட்டேன். எடுத்த ஓலையை வாங்கறவரு அஞ்சு விரலையும் நல்லா விரிச்சு, உள்ளங்கையில வாங்கணுமாம். அவரு படிச்சப்புறம், அங்க இருக்கற மத்த பெரியவங்களும் வாங்கிப் படிக்கணுமாம். எதுக்கு அப்படி?"

"வெரல மடக்கினா ஒளிச்சுடலாம் டீச்சர்!"

"ஒருத்தரே படிச்சா பொய் சொல்லலாம் டீச்சர்!" என்று கத்தியவன் என்னைப் பார்த்துக்கொண்டே கத்தினான்.

"அப்போ நீங்களும் படிங்க."

ஓலை கிளம்பியது. ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து விரலையும் விரித்து வாங்கி, உரக்கப் படித்து, அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தது. அஞ்சலை. அஞ்சலை. அஞ்சலை. முப்பது வாயிலும் அவள் பேர். அவள் கையில் வந்தபோது அவளும் படித்தாள், பாட்டுப் போட்டியில் பாடுகிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு.

எக்ஸாமினர் தொண்டையைச் செருமினார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

"நான் எடுத்தாறேன் சார்" என்று பதறிக்கொண்டு எழுந்தார் ஹெட்மாஸ்டர்.

"சட்டாம்பிள்ளை எடுத்துட்டு வரும் சார்," என்றாள் சித்தி.

அஞ்சலை பானைக்குள் டம்ளரை விட்டு மொண்டாள். பாதி அவள் பாவாடையில் சிந்தியது. எக்ஸாமினர் வாங்கிக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். "அந்த அஞ்சு விரல் சமாச்சாரத்தை முதல்லயே சொல்லியிருக்கணும். அதுக்கு மார்க் குறைப்பேன்" என்றார். அன்றைக்கு வகுப்பில் எல்லாருக்கும் திடீரென்று தாகம் எடுத்துவிட்டது. வரதனே ரெண்டு தடவை வாங்கிக் குடித்தான்.

சித்தி தேறிவிட்டாள். பஜ்ஜி தின்றவர்களுக்குத் தாத்தா என்ன சொன்னாரோ தெரியாது. ஆனால் அஞ்சலை சட்டாம்பிள்ளையாக இருந்தது ஒன்பதே நாள். சித்தி கிளம்பிப் போனதும், பரீட்சை வருகிறது, சட்டாம்பிள்ளை வேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அடுத்த நாளே பானையும் புதுசாக மாறியிருந்தது.

இதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் நானும் சித்தியும் வரப்பு மேல் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் சித்தி, "ஏண்டி, வரதன் பேரைப் படின்னு உன்கிட்ட யாராவது சொன்னாங்களா? ஹெட்மாஸ்டர் சொன்னாரா? உங்க அப்பா சொன்னாரா?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல சித்தி."

"பின்ன எப்படிடி தெரிஞ்சுது, அந்தப் பேரைத்தான் படிக்கணும்னு?"

"நானாத்தான்!" என்றேன். யாரும் சொல்லித் தராமலே கணக்கைப் போட்டுக் காட்டிய மாதிரி எனக்கு ஒரே பெருமை.

சித்தி நடுவரப்பில் நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மார்க் குறைந்ததற்குத்தான் அழுகிறாள் என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. "அழாத சித்தி, அந்த மீசைக்காரர் நல்லவராத்தான் கீறாரு, நீ தேறிடுவே" என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் அம்மாவிடம் முதல் ஆளாகச் சொல்ல வீட்டைப் பார்த்து ஓடினேன்.