நாரைகள் எழுந்த பிறகு இழுத்த வலை

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் முதல் மின்ரயிலைப் பிடித்தேன். டிக்கெட் பத்து ரூபாய். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்க, மடியில் பீரங்கி போன்ற லென்ஸோடு நான் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி விழித்திருந்தேன். எண்ணூரில் இறங்கியபோது இன்னும் இருட்டுதான்.

ஆற்று முகத்துவாரத்தில் தேசப்பன் படகோடு காத்திருந்தார். நண்பர் ஒருவர் சொல்லி ஏற்பாடு செய்த மீனவர்.

"கேமரா எடுத்துகினு வர்றவன்லாம் கரன்ட் கம்பெனி ஆத்துல வுடுற சாம்பலத்தான் புடிக்கிறான் சார். ஒரே கலீஜா கீதுன்னு போட்டுட்டுப் பூட்றான். நம்ம ஆத்துல நாரையும் கீதுன்னு நீயாவது காட்டு. இன்னிக்கி நம்ம பாடு. வலையும் இழுத்துட்டு வந்துடலாம்."

எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று அந்த ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. ஒருவர் முறை முடிந்தால், மற்ற எல்லாரும் கட்டி முடித்த பிறகுதான் மறுபடி அவருக்கு வரும். ஆற்றில் கம்பு நட்டு வலை கட்டிவிடுவார்கள். நீர் கடலுக்கு வடியும்போது இறால் அதில் வந்து சேரும். நீர் திரும்பி ஏறுவதற்குள் தூக்கிவிட வேண்டும். இதையெல்லாம் போகும் வழியிலேயே தேசப்பன் சொல்லிவிட்டார். தெரியாமல் செய்தேன் என்று நான் தப்பிக்க முடியாது.

வலைக் கம்புகளை ஒட்டிய சேற்றுத் திட்டில் மஞ்சள்மூக்கு நாரைகள் நின்றிருந்தன. பின்னால் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், உச்சியில் சிவப்பு விளக்குகள். அந்த மங்கலில் ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடும். படகு லேசாக ஆடினாலும் படம் கலங்கிவிடும். எடுத்ததெல்லாம் கலங்கித்தான் வந்தது.

"சார், தண்ணி நின்னுடுச்சு. வலையத் தூக்கணும்."

"தூக்கினா பறந்துடும் அண்ணே. கொஞ்சம் வெளிச்சம் வரட்டும், ப்ளீஸ்."

அவர் கம்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, புடி. நல்லா புடி சார்" என்று துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து மறுபடி ஏதோ சொல்ல வந்தார். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி அவரை அடக்கினேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கிழக்கு வெளுத்தது. நாரைகள் மொத்தமாக எழுந்தன. "கிடைச்சிருச்சு!" என்று கத்தினேன். தேசப்பனும் சிரித்தார். பிறகு வலையைத் தூக்கினார். நீர் எப்போதோ திரும்பியிருந்தது. வலையின் பை எதிர்ப்பக்கம் புரண்டு மிதந்தது. அடியில் மிஞ்சியது இரண்டு கைப்பிடி இறால்.

கரையில் அவர் மனைவி செல்வி பெரிய அன்னக்கூடையோடு நின்றிருந்தார்.

"இன்னாய்யா, இவ்ளோதானா?"

"தண்ணி முந்திகிச்சு" என்றார் தேசப்பன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என்னாலதாம்மா" என்று பர்ஸை எடுத்தேன்.

"அத்த உள்ள வை சார். படத்தக் காட்டு" என்றார் தேசப்பன்.

காட்டினேன். "பாரு செல்வி, நம்ம ஆறு. எம்மாம் அழகா கீது!" என்றார் அவர். செல்வி குனிந்து பார்த்தார்.

"நம்ம கம்பும் படத்துல வுழுந்துகீது" என்றார். கூடையில் இருந்த இறாலில் பாதியை ஒரு கவரில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"மொத தபா நம்ம படகுல ஏறிகீற. வெறுங்கையோட அனுப்ப முடியுமா?"

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கவரை என் பைக்குள் அவரே வைத்துவிட்டார். திரும்பும் ரயிலில் படத்தை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

வேளச்சேரியில் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கவரைப் பிரித்தாள். "எண்ணூர் வரைக்கும் போயிட்டு இவ்வளவுதான் வாங்கினீங்களா?" என்று சிரித்தாள். வாங்கவில்லை, கொடுத்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மதியம் இறால் குழம்பு மணந்தது. நான் தயிர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.