மணிமேகலைக்கு ஒரு கிளட்ச் இல்லாத கார்

வத்தல்மலை ஊர்களுக்கு மணிமேகலைதான் கிராம செவிலியர். மலைச்சாலையின் மழை ஈரத்தில் ஸ்கூட்டர் சறுக்கி இடது முழங்கால் உடைந்தது. பிறகு நடக்க முடிந்தது; ஆனால் அந்தக் காலை ஊன்றி வண்டியைத் தாங்க முடியவில்லை. வீட்டிலிருந்த பழைய காரை ஓட்டிப் பார்த்தாள். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் வலி இடுப்புவரை ஏறியது. தர்மபுரியிலேயே மேசை வேலைக்கு மாற்றல் கேட்கச் சொன்னான் கணவன் நவநீதன். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

பழைய கார் விற்கும் சின்னராஜ் மூன்று கார்களைக் காட்டினார்.

"மூணுலயும் கிளட்ச் கெடையாதுங்க. ஆனா மூணும் ஒரே மாதிரி ஓடாதுங்க. எங்க ஓட்டப்போறீங்க?"

மலையில் என்றதும், அப்படியானால் மலையிலேயே ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார்.

முதல் கார் ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண கியர்பெட்டிதான். கிளட்சையும் கியரையும் ஒரு கருவி பார்த்துக்கொள்ளும். மைலேஜுக்குக் குறையில்லை. ஆனால் ஏற்றத்தில் கியர் மாறும்போதெல்லாம் ஒரு நொடி தயங்கியது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த மினிலாரிக்கு வழிவிட்டு நின்றார்கள். பிரேக்கை விட்டதும் கார் பின்னால் உருண்டு, அப்புறம்தான் ஏறியது. நவநீதன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அடுத்தது சிவிடி. அதில் கியர் படிகளே இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பெல்ட் ஓடுகிறது. குலுங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஏற்றத்தில் அழுத்தினால் மட்டும் எஞ்சின் கத்தியது, வேகம் மெதுவாகத்தான் வந்தது. டவுனுக்குள் ஓட்டுவதென்றால் அதையே வாங்கியிருப்பாள்.

மூன்றாவது காரில், எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். அதே வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் பின்வாங்கவில்லை. ஆக்சிலரேட்டரைத் தொட்டதுமே பதமாக மேலேறியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது பெட்ரோல் நெறைய குடிக்குமாம்," என்றான் நவநீதன்.

"குடிக்கட்டுங்க. எனக்கு மலை ஏறணும்."

அவன் தலையாட்டினான். "சரி, இதையே எடுத்துக்கலாம். மாத்தல் கேக்க வேணாம்."

அடுத்த புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியோடு தனியாகவே மலைக்குப் போனாள். வேலை முடிந்து கிளம்பும்போது, நிறைமாதக்காரி மாதம்மாள் தயங்கித் தயங்கி அருகே வந்தாள்.

"நர்சம்மா, ஸ்கேனுக்குப் போவணும். நானும் வரட்டுங்களா?"

மணிமேகலை பின்கதவைத் திறந்து அவளைச் சாய்ந்து உட்கார வைத்தாள். லீவரைக் கீழ் கியருக்குத் தள்ளி, எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்த, நிதானமாக இறங்கினாள். பாதி மலை இறங்குவதற்குள் மாதம்மாள் தூங்கிப்போயிருந்தாள்.