மூன்று கழிப்பறை உள்ள வீடு

டைல்ஸ் பதிக்கிற அக்காவுக்கு ரசமட்டம் என்று பேர் வைத்தவன் அவளுடைய தம்பிதான். தரையின் சரிவைக் காட்டுகிற அந்தக் கருவியை வைத்துப் பார்க்காமலேயே, வாசலில் நின்று ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தண்ணி கதவுப் பக்கம் ஓடுது. எந்த மடையன் போட்டான் இத?" என்று கேட்பாள். பிறகு ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தால் அதன் குமிழியும் அதையேதான் சொல்லும். தம்பி பிளம்பர். பழைய குளியலறைகளை உடைத்துப் புதிதாக்குகிற வேலையை இருவரும் சேர்ந்து பதினெட்டு வருஷமாகச் செய்கிறார்கள். அவள் புருஷனும் டைல்ஸ் மேஸ்திரிதான். அவனுக்குக் கலவை கலந்து கொடுக்க வந்தவள், அவன் முதுகு போன பிறகு கரணையைத் தன் கையில் எடுத்தாள். இப்போது அவன் வீட்டில் சமைக்கிறான். உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அருவருப்பே கிடையாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தப் பேத்தல். ரசமட்டத்துக்கு அது நிறையவே உண்டு. பழைய கமோடைப் பெயர்க்கும்போது கிளம்புகிற நாற்றம் அவளுக்குப் பழகிவிட்டது. தண்ணீர் போகிற குழியில் கையை விட்டால் முடி கத்தையாகச் சுருண்டு வரும், சோப்புப் பிசுக்கும் தேய்ந்த பல்துலக்கியும் கூடவே வரும். அதுவும் பரவாயில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வைதான் அவளுக்குக் குமட்டும். முடி அவர்களுடையது, அழுக்கு அவர்களுடையது, பத்து வருஷமாக அதன்மேல் நின்று குளித்தவர்களும் அவர்களேதான். ஆனால் அதையெல்லாம் இவள் பையில் போட்டுத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள்.

இன்னொரு விஷயத்தை அவள் வெளியே சொன்னதில்லை. இத்தனை கழிப்பறைகளைக் கட்டியவள் ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. கேட்கக் கூச்சம், கேட்டாலும் கிடைக்காது. தம்பிக்கு அந்தக் கவலையே இல்லை, எங்கே சுவர் மறைவு கிடைக்கிறதோ அங்கே போய்விட்டு வந்துவிடுவான், வெட்கங்கெட்ட பயல். அவள் கண்டுபிடித்த வழி தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர், சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒரு சொம்பு. நடுவில் தொண்டை காய்ந்தாலும் ஒரு மடக்கு கிடையாது.

மூன்றாவது முறையாகக் காய்ச்சலும் இடுப்பு வலியுமாகப் போய் நின்றபோது டாக்டரம்மா கத்தியே விட்டார். "தண்ணி குடிக்க மாட்டேன், அடக்கி வச்சிக்குவேன்னா என்ன அர்த்தம்? இன்னொரு தடவ இப்படி வந்தீங்கன்னா கிட்னிய யாராலயும் காப்பாத்த முடியாது. தினமும் மூணு லிட்டர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ போயே ஆகணும், சொல்லிட்டேன்."

அதற்கு அடுத்த வாரம் வந்த வேலை இந்த வீடு. புருஷன், பெண்டாட்டி, ஒரே மகன். மூன்று பேருக்கு மூன்று கழிப்பறை. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துப் புதுப்பிக்க வேண்டும். முதல் நாளே ரசமட்டம் பெரிய தண்ணீர் பாட்டிலோடு போய், மென்று முழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, எனக்கு ஒடம்பு சரியில்ல. அடிக்கடி போக வேண்டியிருக்கு. உங்க பாத்ரூம்ல ஏதாவது ஒண்ணுல..."

வீட்டம்மா முடிக்கவே விடவில்லை. "ஐயோ, அதெல்லாம் சரிப்பட்டு வராதும்மா. தெருமுனையில பெட்ரோல் பங்க் இருக்குல்ல, அங்க போய்க்கோ. நல்லா மெயின்டெயின் பண்றாங்க."

தன் வாழ்நாளில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள் சொன்ன சான்றிதழ் அது. ரசமட்டம் போய்ப் பார்த்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தரையில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலிருப்பது நல்லது. சுவரெல்லாம் யார் யாரோ எழுதிவைத்த அசிங்கம். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், மூச்சு முட்டி வெளியே ஓடிவர வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை.

இரண்டு வாரத்தில் முடிய வேண்டிய வேலை ஐந்து வாரம் இழுத்தது. வாஷ்பேசின் அடியில் வைக்கிற மர அலமாரிக்கு வீட்டம்மா நான்கு முறை நிறம் மாற்றினாள். ஒவ்வொரு முறையும் தச்சர் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தார். முதல் இரண்டு கழிப்பறைகள் பளபளவென்று தயாராகி நின்றன. அவற்றில் ஒன்றை வீட்டார் புழங்க ஆரம்பித்தார்கள். கீழே இருந்த மற்றொன்று சும்மாவே கிடந்தது. அதைத் தாண்டித்தான் ரசமட்டம் தினமும் பங்க்குக்கு நடந்தாள். வயிறு எரிந்தது அவளுக்கு.

கடைசிக் கழிப்பறையில் கசிவு தடுக்கிற பூச்சுப் பூசி, தாங்குகிறதா என்று பார்க்கத் தண்ணீர் தேக்கி வைத்திருந்தார்கள். இரண்டு நாளைக்கு யாரும் கால் வைக்கக் கூடாது. மற்ற இரண்டிலும் பாக்கியிருந்தது கமோடைச் சுற்றி சிலிக்கான் பசை அடிப்பது மட்டும்தான். அடித்தால் மறுநாள் காலைவரை தண்ணீர் படக் கூடாது. அதனால் ஒன்றை இன்றைக்கு, மற்றொன்றை நாளைக்கு என்றுதான் எவரும் செய்வார்கள், அவளும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறாள். அன்றைக்கு, வீட்டய்யா ஆபீசுக்கும் பையன் பள்ளிக்கும் போன பிறகு, இரண்டிலும் ஒரே மூச்சில் அடித்தாள். வேண்டுமென்றேதான்.

"ஏன்க்கா ரெண்டையும் ஒரே நாள்ல?" என்றான் தம்பி.

"வேலைய சீக்கிரம் முடிக்கணும்ல?" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பதினோரு மணி வாக்கில் வீட்டம்மா கீழுக்கும் மாடிக்குமாக நடக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்குப் போகலாமென்றால், உடைக்கிற சத்தத்துக்காக அவர்களோடு வாய்ச்சண்டை போட்டு மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பன்னிரண்டு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு வேகவேகமாக நடந்தாள். ரசமட்டம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. பாவமாக இருக்குமோ என்று ஒரு கணம் காத்துப் பார்த்தாள், பாவமாக இல்லை.

திரும்பி வந்த வீட்டம்மாவின் முகம் வெளிறியிருந்தது. மாடிக் கழிப்பறைச் சுவரை வாளித் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் நேராக வந்தாள்.

"சீ, சீ! அது மனுஷங்க போற எடமா? வாந்தியே வந்துடுச்சு எனக்கு."

"நான் அஞ்சு வாரமா அங்கதாம்மா போறேன்."

வீட்டம்மாவின் முகத்தில் ஏதோ மாறுவதைப் பார்த்து, சரி, கடைசியில் உறைத்துவிட்டது என்று ரசமட்டம் நினைத்தாள். நெஞ்சுகூடக் கொஞ்சம் இளகியது. போகட்டும், புத்தி வந்தால் சரி என்று பதில் சொல்லத் தயாரானாள்.

வீட்டம்மாவின் கண் அவள் கையில் போய் நின்றது. பிறகு சுவருக்குப் போனது.

"அங்க கொழாய்ல தண்ணியே வரலையே. அப்ப நீ கைய எங்க கழுவுவ?"

ரசமட்டத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவளுக்கா இளகினோம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. தினமும் தோட்டத்துக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள், அதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மையை இவளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

"இந்த வாளியிலதாம்மா," என்றாள். ஸ்பாஞ்சை அதே வாளியில் முக்கிப் பிழிந்து, இன்னொரு டைல்ஸை நிதானமாகத் துடைத்தாள். "எல்லாச் சுவரையும் இதுலதான் தொடச்சேன்."

வீட்டம்மா இரண்டடி பின்னால் போனாள். சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், எங்கே நிற்பது என்று தெரியாமல் காலைத் தூக்கினாள்.

"நாளையிலேருந்து அங்கெல்லாம் போகாத," என்றாள். "கீழ இருக்கறதுலயே போ. சோப்பு வச்சிடறேன். நல்லாக் கழுவிட்டு அப்புறமா டைல்ஸ தொடு, என்ன?"

"சரிம்மா."

சாயங்காலம் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தன் கிட்னிக்காகக் கேட்டபோது கிடைக்காதது, டைல்ஸுக்காகக் கிடைத்திருக்கிறது. நினைக்க நினைக்க வாயில் கசந்தது. ஆனாலும் மறுநாள் காலை பாட்டிலைத் திறந்து, பாதிக்குமேல் ஒரே மூச்சில் குடித்தாள். டாக்டரம்மா சொன்ன கணக்குப்படி ஒன்பது மணிக்குக் கீழே இறங்கினாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, இரண்டு கையும் சும்மா இருந்தன. தன் கையால் போட்ட தரைதான், ஆனாலும் அதன்மேல் பாதத்தை அழுத்தி வைக்கத் தயக்கமாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. ஆழமாக மூச்சை இழுத்துவிட்டாள்.

வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றது.

"சோப்பு போட்டுக் கழுவிட்டியா?"

ரசமட்டம் இன்னும் உட்காரக்கூட இல்லை.