இரு கரையிலும் இஷ்காஷிம்

சுவிட்சர்லாந்தின் எங்கடினில் நான் வேலை செய்த ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவ ஒரு தஜிக்காரன் வந்து சேர்ந்தான். கடவுச்சீட்டு இல்லாமல் வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, விசாரணைக்குக் காத்திருந்தவன். ஊர் இஷ்காஷிம். மலைகளுக்கு நடுவே பாஞ்சு ஆறு ஓடுமாம். அவனுடைய கரை தஜிகிஸ்தான், அந்தக் கரை ஆப்கானிஸ்தான்.

தலைமைச் சமையல்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை. அவரும் நானும் அதே விசாரணை மேசையிலிருந்து எழும்பி வந்தவர்கள். ஊரில் அடிவாங்கிய கதையை விட, விதானையார் யார், பிரதேச செயலகம் எங்கே, பஸ் எந்தச் சந்தியில் திரும்பும் என்பதுதான் விசாரிக்கும் அதிகாரிகளுக்கு முக்கியம். சொந்த ஊரில் எங்களுக்குப் பரீட்சை வைக்கிறவர்கள்! அதனால் உருளைக்கிழங்கு உரித்தபடியே அவனுக்குப் பாடம் எடுத்தோம். எங்களுக்குள் ஓடியது அரைகுறை ஜெர்மன். திட்டுவதற்கு மட்டும் அண்ணை தமிழுக்கு வருவார்.

"உன்ரை விதானை ஆர்?" என்றார் அண்ணை.

ஊரில் அரசாங்கத்தின் ஆள் என்று நான் விளக்கினேன்.

"ஜமாத்," என்றான்.

"பள்ளிவாசலை ஆரடா கேட்டது? கந்தோரைக் கேக்கிறன்!"

அவன் நாட்டில் ஜமாத் என்றால் கந்தோர்தான், அரசாங்க அலுவலகம். சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு ஜமாத், ஜமாத்துகள் சேர்ந்தால் ஒரு நோகியா, அதாவது மாவட்டம். இது எங்கள் மண்டையில் ஏறும்வரை அவனுக்குப் பட்டப்பெயர் 'பள்ளிவாசல்'.

விசாரணைக்கு முதல்நாள் அண்ணை கரண்டியை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்தார்.

"ஆத்துக்கு அங்கால பிறந்தனான் எண்டு சொல்லு. ஆப்கான்காரரை லேசிலை திருப்பி அனுப்பமாட்டாங்கள். பாஷையும் ஒண்டுதானே, ஆருக்குத் தெரியப்போகுது?"

அவன் மறுத்துவிட்டான்.

"அப்பாவை அடிச்சுக் கொன்றது எங்கடை கரைப் பொலிஸ், அண்ணை. என்னைத் தேடுறதும் அவங்கள்தான். அதை எப்பிடி அங்கால நடந்தது எண்டு சொல்லுறது?"

மறுநாள் உண்மையையே சொன்னான். ஜமாத், நோகியா எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக ஒப்புவித்தானாம். கடைசியில் அதிகாரி, அக்கரையில் உள்ள ஊரின் பெயரைக் கேட்டிருக்கிறார்.

"இஷ்காஷிம்."

"அது உன் ஊர். நான் கேட்பது அக்கரையை."

"அதுவும் இஷ்காஷிம்தான்."

இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே ஊரா என்று அதிகாரி சிரித்தாராம்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. சொந்த மாவட்டத்தின் எல்லையே தெரியாதவன், ஆகவே அந்த ஊர்க்காரனே இல்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து அண்ணையின் முகத்துக்கு நேரே நீட்டினேன். நடுவே ஆறு. இந்தக் கரையில் இஷ்காஷிம், அந்தக் கரையிலும் இஷ்காஷிம்.

"ஓம், கிடக்குது," என்றார் அண்ணை. "அந்த அதிகாரியும் ஒருக்கால் தட்டிப் பாத்திருக்கலாம்." பிறகு சூப்பைக் கிண்டப் போய்விட்டார். மேசைகளில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அவனைக் கூட்டிப்போகப் பொலிஸ் சமையலறைக்கே வந்தது. ஏப்ரனைக் கழற்றி, மடித்து, அண்ணையிடம் கொடுத்தான்.

"நான் அந்த ஊரே இல்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள், அண்ணை. அப்ப என்னை எந்தக் கரையிலை இறக்குவாங்கள்?"

அவன் கேட்டது ஜெர்மனில் என்பதால் பொலிஸ்காரருக்கும் விளங்கியது. நல்ல மனிதர், பொறுமையாகவே பதில் சொன்னார்.

"துஷான்பேயில், உங்கள் தலைநகரில். உங்கள் நாட்டுப் பொலிஸ் விமான நிலையத்துக்கே வந்து பொறுப்பெடுக்கும்."