நோர்வேயில் அந்த ஆண்டு நடந்தவை

ஒரு நாட்டில் ஒரே ஆண்டில் நடந்த முக்கியமான விஷயங்களைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது, என் மனதில் இருந்த நாடு பிரேசில். உலகக் கோப்பை அவர்களுக்குத்தான் கிடைத்திருந்தது. ஆனால் 2002இல் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை உலகத்தில் நோர்வேயைத் தவிர வேறு நாடே கிடையாது. நோர்வேக்காரர் நடுவில் நின்று இலங்கையில் சண்டையை நிறுத்தியிருந்தார்கள். அதன் பிறகுதான், பல வருட இடைவெளிக்குப் பின், வன்னியிலிருந்து மாமியின் குரல் கனடாவில் சென்ட் லோரன்டிலிருந்த எங்கள் வாடகை வீட்டுத் தொலைபேசியில் கேட்டது. அப்பாவின் ஒரே தங்கை. அதுவரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே எங்களுக்குத் தெரியாது.

"தம்பி, நோர்வேயைப் பற்றிச் சொல்லு. மாமி கதைச்சதையும் சொல்லு," என்றார் அப்பா.

அவர் யாரிடமும் எதையும் கேட்கிற மனிதர் அல்ல. வெயர்ஹவுஸில் இரவெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு வந்து, தேநீர் ஆறுவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்.

அந்தந்த நாட்டு உணவும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அம்மா தகரப் பேணியில் வரும் ரின்மீனை மாவுக்குள் வைத்துப் பற்றிஸ் பொரித்தார். இது நோர்வேச் சாப்பாடா என்று கேட்டேன்.

"அவையும் மீன்தானே தின்னுறவை. உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான்," என்றார்.

பெற்றோரும் வரலாம் என்பதால் அப்பா வேலை முடிந்து நேரே வந்துவிட்டார். இரும்பு முனை வைத்த சப்பாத்தோடு, கடைசி வரிசையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் இருந்தார். அன்று அவர் தூங்கவில்லை. டொக்டரிடம் தன் முறைக்குக் காத்திருப்பவர் போல முன்னால் சாய்ந்திருந்தார்.

பிரெஞ்சில் பேசினேன். குளிர்கால ஒலிம்பிக்கில் நோர்வே அள்ளிய தங்கப் பதக்கங்களைச் சொன்னேன். ஐஸில் கல் தள்ளும் கேர்லிங் விளையாட்டில் கனடாவையே தோற்கடித்தார்கள் என்றதும் வகுப்பு ஊளையிட்டது. இளவரசியின் திருமணத்தைச் சொன்னேன். அடுத்துச் சொல்ல வேண்டியது போர்நிறுத்தம், பிறகு மாமி. இலங்கை என்றால் யுத்தம், யுத்தம் என்றால் அகதி. நான் அங்கே பிறந்தவன் என்பது வகுப்பில் பலருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று தோன்றியது. அதோடு மெர்சி என்று நன்றி சொல்லி முடித்துக்கொண்டேன். கை தட்டினார்கள். பற்றிஸ் வைத்த சுவடே இல்லாமல் தீர்ந்தது. நோர்வேக்காரரின் சமையலை ஆசிரியை மிகவும் புகழ்ந்தார்.

பேருந்தில் அப்பா கேட்டார்: "மாமியைப் பற்றிச் சொன்னனியோ?"

"ஓம், சொன்னனான்."

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். தலையசைத்துவிட்டு ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்துகொண்டார். கண்ணை மூடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், அம்மா கேட்பதற்கு முன்பே அவராகச் சொன்னார்: "வடிவாச் சொன்னவன். மாமியைப் பற்றிச் சொல்லேக்கை எல்லாரும் கை தட்டினவை."

அம்மா அன்றைக்கே அதை மாமிக்குத் தொலைபேசியில் சொன்னார். மாமி அழுதாராம். சில வருடங்களில் சண்டை திரும்பியது. மாமியின் அழைப்புகள் நின்றன. பிறகு வரவே இல்லை. அப்பாவும் போய்விட்டார். வேலை முடிந்து களைத்து வருகிற நாட்களில் எனக்கு அந்தப் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது.

அப்பாவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று அன்று எனக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட இருந்தது. தங்கையின் பெயர் காதில் விழுந்ததா இல்லையா என்று அறிய அவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது, பதினொரு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.